கூடலூர் மழைக்குத் தாங்கும் ஹெட்போன் ஆம்ப்: வீட்டில் செய்பவர்களுக்கு 10 குறிப்புகள்

ஜூன் பிறந்துவிட்டால் கூடலூர், தேவாலா, பந்தலூர் பக்கம் தகரக் கூரை போட்ட வீடுகளில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே காதில் விழாது. ஸ்பீக்கரில் பாட்டு கேட்பது எப்படி? ஹெட்போன்தான் வழி. போனில் செருகினால் சத்தம் போதாத நல்ல ஹெட்போனுக்குத் தனி ஆம்ப் வேண்டும். சால்டரிங் பழகியவர்கள் அதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். நம் ஊரில் ஆம்பைக் கெடுப்பவை இரண்டு: லோ வோல்டேஜ், ஈரம். விலை கூடிய ஐசியைத் தேடும் முன் இந்த இரண்டுக்கும் வழி செய்யுங்கள்.

1. முதலில் கணக்குப் போடுங்கள். ஹெட்போன் எத்தனை ஓம், 1 மில்லிவாட்டுக்கு எத்தனை டெசிபல் என்று பாருங்கள். 97 டெசிபல் ஹெட்போன் 110 டெசிபல் உச்சத்தைத் தொட 20 மில்லிவாட் போதும். 300 ஓம் என்றால் அதற்குச் சுமார் 2.5 வோல்ட், 8 மில்லிஆம்பியர். 32 ஓம் என்றால் 0.8 வோல்ட், 25 மில்லிஆம்பியர்.

2. ஐசியை இந்தக் கணக்கை வைத்துத் தேர்ந்தெடுங்கள். 300 ஓமுக்கு என்இ5532 தாராளம். 32 ஓமுக்கு, சுமார் 70 மில்லிஆம்பியர் வரை தரக்கூடிய என்ஜேஎம்4556 நல்லது. டிஎல்072 குறைந்த ஓம் ஹெட்போனுக்கு ஆகாது.

3. கெயின் 2 அல்லது 3 போதும். அதற்கு மேல் வைத்தால் வால்யூமைக் கொஞ்சம் திருப்பினாலே சத்தம் காதை அடைக்கும், இரைச்சலும் கூடும். வால்யூம் கன்ட்ரோல் வாங்கும்போது 'ஏ10கே' என்று அச்சிட்ட ஸ்டீரியோ வகையைக் கேட்டு வாங்குங்கள். 'பி10கே' போட்டால் சத்தம் முழுவதும் முதல் கால் திருப்பிலேயே ஏறிவிடும்.

4. ட்ரான்ஸ்பார்மர் 15-0-15 ஆக இருக்கட்டும். பலரும் 12-0-12 போடுவார்கள். கரண்ட் 180 வோல்ட்டுக்கு இறங்கினால் அதில் சுமார் 12.6 வோல்ட் டிசிதான் கிடைக்கும். 7812 ரெகுலேட்டருக்கு 14 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். அது கிடைக்காதபோதுதான் "ம்ம்ம்" என்ற உறுமல் கேட்கும். 15-0-15 அதே நேரத்தில் கிட்டத்தட்ட 16 வோல்ட் தரும். கண்டன்சர்கள் 35 வோல்ட் தாங்குபவையாக இருக்கட்டும்.

5. 7812, 7912 இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும்; கால்கள் வேறு. எழுத்து உங்களைப் பார்த்திருக்க, இடமிருந்து வலமாக 7812-இல் இன்புட், கிரவுண்ட், அவுட்புட்; 7912-இல் கிரவுண்ட், இன்புட், அவுட்புட். 7812-இன் உலோக முதுகு கிரவுண்ட், 7912-இன் முதுகு இன்புட். ஒரே ஹீட்சிங்கில் மைக்கா இல்லாமல் முறுக்கினால் ஷார்ட்தான்.

6. வெளியீட்டில் பெரிய ரெசிஸ்டர் போடாதீர்கள். ஆம்பின் அவுட்புட் ஓம், ஹெட்போன் ஓமில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 32 ஓமுக்கு 4 ஓம்தான் எல்லை. மீறினால் பல ஹெட்போன்களில் பேஸ் கொழகொழத்துப் போகும்.

7. முதன்முதலாகச் செய்பவர்கள் இரண்டு 9 வோல்ட் பேட்டரியில் தொடங்குங்கள். ஷாக் பயம் இல்லை, உறுமல் இல்லை, கரண்ட் போனாலும் பாட்டு நிற்காது. ச்சூ மோய் என்பவர் வடிவமைத்த ஆம்பைப் பலரும் பேட்டரியோடு மிட்டாய் டப்பாவுக்குள் அடக்கிவிடுகிறார்கள்.

8. ஈரத்தை உள்ளே விடாதீர்கள். சால்டரிங் முடிந்ததும் போர்டில் ஒட்டிய பிளக்ஸைப் பழைய டூத் பிரஷ்ஷால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் தேய்த்து எடுங்கள். நன்றாகக் காய்ந்தபின் வால்யூம், ஜாக், சுவிட்ச் ஆகியவற்றை மறைத்துக்கொண்டு பிசிபி லாக்கர் அடியுங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து, மழைக்காலத்தில் அவ்வப்போது மாற்றுங்கள். ஹெட்போன் பஞ்சிலும் பூஞ்சை பிடிக்கும். கேட்டு முடித்ததும் துடைத்து வையுங்கள்.

9. ஹெட்போனைச் செருகும் முன் மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து ஜாக்கின் இரண்டு சேனலையும் பாருங்கள். 20 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் சரி. வோல்ட் கணக்கில் காட்டினால் எங்கோ தவறு. சால்டரிங்கைத் திரும்பப் பாருங்கள். முதல் சோதனைக்கு மலிவான இயர்போன் போதும். 230 வோல்ட் பக்கம் ஃபியூஸ் போடுங்கள். உலோகப் பெட்டியை எர்த்தோடு இணையுங்கள். கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் இடி கேட்டால் சுவிட்சை அணைப்பதோடு விடாமல் பிளக்கையே உருவிவிடுங்கள்.

10. காதைக் காப்பாற்றுங்கள். பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம்தான் எல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளுக்கு 75 டெசிபல். மழை இரைச்சலை அமுக்க வால்யூமை ஏற்றாதீர்கள். காதை முழுக்க மூடும் ஹெட்போனாக வாங்குங்கள். ஆம்ப் கெட்டால் ஐசி மாற்றிக்கொள்ளலாம், போன செவி திரும்பி வராது.