அப்பாவின் பாக்கெட்டில் இருக்கும் வகுப்பறை

"வீட்ல போன் இருக்கா கண்ணு?" என்று டீச்சர் கேட்டார்.

"இருக்குதுங்க டீச்சர். ஆனா அப்பாகிட்ட இருக்குது. அவரு வர்றதுக்குள்ள நான் தூங்கிருவேனுங்க."

காங்கேயம் பகுதி ஆசிரியர்களின் குறுவள மையக் கூட்டம் ஒன்றில், ஓர் ஆசிரியை தன் வகுப்பில் நடந்த இந்த உரையாடலைச் சொன்னார். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அரங்கமே யோசனையில் ஆழ்ந்தது. "போன் உள்ள வீடு" என்று நாம் கணக்கு எழுதிக்கொள்கிறோம். அந்த போன் பிள்ளையின் கைக்கு எப்போது வருகிறது என்று கேட்கிறோமா?

குறுவள மையக் கூட்டம் என்றால் என்ன?

அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் ஒரே இடத்தில் கூடி, பாடம் நடத்தும் முறைகளைப் பேசிப் பகிர்ந்துகொள்ளும் கூட்டம் இது. பெரிய மேடை, மாலை மரியாதை எதுவும் கிடையாது. "நான் இதைச் செஞ்சு பார்த்தேன், சரியா வரல" என்று ஒருவர் தயங்காமல் சொல்ல முடிகிறது. அதுதான் இதன் பலம்.

அனுபவம் 1: வீடியோவை நிறுத்தத் தெரியணும்

தமிழ்நாட்டில் 2018-19 கல்வியாண்டில் வந்த புதிய பாடநூல்களிலேயே க்யூஆர் குறியீடு அச்சிடப்பட்டது. அதை தீக்‌ஷா செயலியில் ஸ்கேன் செய்தால் பாடத்துக்கான வீடியோ, பயிற்சி போன்றவை திறக்கும். ஆரம்பத்தில் முழு வீடியோவையும் ஓடவிட்டதாகச் சொன்னார் ஓர் அறிவியல் ஆசிரியர். பிள்ளைகள் ஆர்வமாகப் பார்த்தார்கள். மறுநாள் கேட்டால் பாதிப் பேருக்கு நினைவில்லை. இப்போது அவர் இடையிடையே நிறுத்திவிடுகிறார். "அடுத்து என்ன நடக்கும்னு சொல்லுங்க பார்க்கலாம்?" என்று கேட்ட பிறகுதான் மீதி வீடியோ. வீடியோ அதேதான். ஆனால் பிள்ளைகள் இப்போது யோசித்துக்கொண்டே பார்க்கிறார்கள்.

அனுபவம் 2: வேறு மொழி பேசும் பிள்ளை

காங்கேயம் என்றால் காளை மட்டுமல்ல. அரிசி ஆலைகளும் தேங்காய்க் களங்களும் நிறைந்த ஊர். வேலைக்காக வெளிமாநிலங்களிலிருந்து குடும்பமாக வருகிறார்கள். அவர்களின் பிள்ளைகளும் நம் பள்ளியில்தான் படிக்கிறார்கள். அப்படி வந்த ஒரு சிறுமியின் அம்மாவிடம், மொழிபெயர்ப்புச் செயலி மூலம் பேசிப் பார்த்திருக்கிறார் ஓர் ஆசிரியை. "பொண்ணு நல்லா வரைகிறாள்" என்று சொல்ல நினைத்தார். செயலி என்ன சொன்னதோ, அம்மா பயந்துபோய் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். உடனே சிறுமி வரைந்த படத்தை எடுத்துக் காட்டியிருக்கிறார் டீச்சர். அம்மா சிரித்துவிட்டார். "செயலி உதவும்தான். ஆனா முக்கியமான விஷயத்தை அதை மட்டும் நம்பிச் சொல்லக்கூடாதுன்னு அன்னைக்குப் புரிஞ்சுது" என்றார் அவர்.

அனுபவம் 3: பதிவும் பாடமும்

எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில் தொடங்கியது. இதில் பிள்ளைகளின் கற்றல் நிலை அரும்பு, மொட்டு, மலர் என்று பார்க்கப்படுகிறது. மதிப்பீட்டைச் செயலியில் பதிய வேண்டும். சிக்னல் இல்லாத நேரத்தில் பதிவு செய்வது பெரும்பாடு என்றார்கள் பலர். ஒரு மூத்த ஆசிரியர் தன் வழியைச் சொன்னார்: "முதல்ல நோட்டுல குறிச்சுக்குவேன். யாரு எதுல தடுமாறுறான்னு அங்கேயே தெரிஞ்சுரும். அப்புறம்தான் போன்." அரும்பில் இருக்கும் பிள்ளை மொட்டுக்கு வர என்ன செய்யலாம் என்று யோசிக்கத்தான் அந்தப் பதிவு. இதை அவர் இரண்டு முறை அழுத்திச் சொன்னார்.

கோவையில் அன்று பேசியது

2010 ஜூன் 23 முதல் 27 வரை கோவை கொடிசியாவில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது. அதோடு சேர்த்துத் தமிழ் இணைய மாநாடும் நடத்தப்பட்டது. ஒரு கணினியில் தட்டச்சு செய்த தமிழ், வேறு கணினியில் திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரிந்த காலம் அது. கேள்வித்தாள் தயாரித்த ஆசிரியர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒருங்குறி பரவலான பிறகு அந்தச் சிக்கல் பெருமளவு தீர்ந்தது. இன்று எந்த போனிலும் தமிழ் தெரிகிறது. ஆனால் அந்த போன் பிள்ளையிடம் வந்து சேரும் நேரம்தான் இன்றைய சிக்கல்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

• தீக்‌ஷா, மணற்கேணி செயலிகளை பிளே ஸ்டோரிலிருந்து மட்டும் பதிவிறக்குங்கள். இரண்டும் இலவசம். பணம் கேட்டு வரும் லிங்க்கைத் தொடாதீர்கள்.

• தீக்‌ஷாவில் க்யூஆர் ஐகானைத் தொட்டு, பாடநூலில் உள்ள குறியீட்டின் மேல் கேமராவைக் காட்டுங்கள்.

• நெட் கிடைக்கும் இடத்தில் வீடியோவைப் பதிவிறக்கி வையுங்கள். பிறகு நெட் இல்லாமலும் பார்க்கலாம்.

• வேலை முடிந்து தாமதமாக வருகிறீர்களா? காலையில் கிளம்பும் முன் பதினைந்து நிமிடம் போனைப் பிள்ளையிடம் கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து "இதுல என்ன சொல்றாங்க?" என்று கேளுங்கள்.

• கல்வி தொடர்பான சந்தேகங்களுக்கு 14417 என்ற உதவி எண்ணை அழைக்கலாம்.

கூட்டம் முடிந்து கிளம்பும்போது அந்த ஆசிரியையிடம், "அந்தப் பையன் இப்ப எப்படி டீச்சர்?" என்று கேட்டேன். அவனுடைய அப்பாவை நேரில் பார்த்துப் பேசினாராம். இப்போது காலையில் டீ குடிக்கிற நேரம் மகனுக்கு போன் கிடைக்கிறது. "அப்பாவும் கூட உட்கார்ந்து பார்க்கறாருங்க" என்றார் டீச்சர்.