போனில் கடை, வாசலில் சாமான்: ஓடர் கொடுக்கும் முன் ஒரு கணக்கு



இந்த இதழின் பாடத்தை ஓர் அம்மாவின் அனுபவத்தோடு தொடங்குகிறோம். அவர் கொழுந்து பறிப்பவர். மகன் கொழும்பில் வேலை செய்கிறான். தீபாவளிக்கு முதல் வாரம் மகன் தன் போனிலேயே ஒரு கடைக்கு ஓடர் கொடுத்து, காசையும் கட்டிவிட்டு, "அரிசி, சீனி, பால்மா எல்லாம் வீட்டுக்கே வரும்மா" என்று சொன்னான். அம்மா அன்று அரைப் பேரோடு மலையிலிருந்து இறங்கிவிட்டார்.

"மத்தியானத்துலருந்து முச்சந்தியில நின்னேங்க. வான் வரவே இல்ல. பொழுது சாய மகன் போன் பண்றான், வீட்ட கண்டுபிடிக்க முடியலன்னு சாமான திருப்பிக் கொண்டு போயிட்டாங்களாம்" என்று எங்களிடம் சொன்னார்.

காசு திரும்பி வர மூன்று வாரம் ஆனது. தீபாவளிக்குத் தோட்டத்துக் கடையில் கடன் வைத்துத்தான் சாமான் வாங்கினார். அரைநாள் சம்பளமும் போய், பற்றுக் கொப்பியில் ஒரு பக்கமும் நிறைந்தது.

இப்படி இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது என்றுதான் இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

1. இது எப்படித் தொடங்கியது?

வீட்டிலிருந்தே சாமான் ஓடர் கொடுப்பது நேற்று வந்த பழக்கம் அல்ல. 1984ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட் என்ற ஊரில், வயோதிபர்களுக்கு உதவும் ஒரு திட்டத்தில், ஜேன் ஸ்னோபோல் என்ற 72 வயதுப் பாட்டி தன் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டி மூலம் டெஸ்கோ கடைக்கு ஓடர் கொடுத்தார். மாஜரின், கோர்ன்ஃப்ளேக்ஸ், முட்டை ஆகியவை வீட்டுக்கு வந்தன. கடைக்குப் போக இயலாதவர்களுக்கு உதவி செய்யவே இந்த வழி முதலில் பயன்பட்டது.

நம் நாட்டில் பலர் இதை முதன்முதலாகப் பழகியது 2020 மார்ச் மாதம், கொரோனா ஊரடங்கின்போது. கொழும்பில் சுப்பர் மார்க்கெட் கதவுகள் மூடியிருந்தன. மக்கள் போனிலும் இணையத்திலும் ஓடர் கொடுத்தார்கள். ஓடர்கள் குவிந்து, சாமான் வரப் பல நாள் காத்திருந்தவர்களும் உண்டு. அந்த நாட்களிலும் தோட்டங்களில் கொழுந்து பறிப்பு நடந்தது.

2. கடைக்குள்ளே என்ன நடக்கிறது?

நீங்கள் போனில் ஒரு சாமானைத் தொட்டதும் அது தானாக வந்துவிடுவதில்லை. பெரும்பாலும் உங்களுக்குக் கிட்டிய கிளையில் ஒரு ஊழியர் உங்கள் பட்டியலைப் பார்த்து, ராக்கையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, பொதி கட்டுகிறார். பிறகு சாரதி ஒருவர் கொண்டு வருகிறார். இந்த இருவரின் கூலியும் எரிபொருளும் யாராவது கொடுக்க வேண்டிய செலவுதானே? அமெரிக்காவில் வெப்வான் என்ற கம்பனி பெரும் முதலீட்டோடு இதே வியாபாரத்தைத் தொடங்கி, செலவைத் தாங்க முடியாமல் 2001இல் மூடப்பட்டது. ஆகவே "இலவசமாகக் கொண்டு வருகிறோம்" என்று கண்டால், எத்தனை ரூபாவுக்கு மேல் வாங்கினால் இலவசம் என்று பாருங்கள். அந்தத் தொகையை எட்டுவதற்காகத் தேவையில்லாததை வாங்கினால் நட்டம் நமக்குத்தான்.

3. நம் பெரிய சிக்கல்: முகவரி

போனில் வரும் படிவம் வீட்டு இலக்கம் கேட்கும், வீதியின் பெயர் கேட்கும். லயத்துக் காம்பராவுக்கு வீதி ஏது? கடிதங்கள் தோட்டத்துக் காரியாலயத்துக்கு வந்து, அங்கே கிடந்து, சில சமயம் தொலைந்தும் போன கதை நமக்குப் புதிது அல்ல. நேர்முகப் பரீட்சைக் கடிதம் பிந்திக் கிடைத்ததால் வேலையை இழந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அதே குறைதான் இன்று சாமான் பொதிக்கும் வந்து சேர்கிறது.

முகவரி முழுதாகக் கிடைக்கும் வரை இப்படிச் செய்யுங்கள்:

• தோட்டத்தின் பெயரோடு பிரிவின் பெயரையும் எழுதுங்கள். மேல் பிரிவா, கீழ்ப் பிரிவா என்பது கட்டாயம்.
• லயத்தின் எண், காம்பராவின் எண், குடும்பத் தலைவரின் பெயர் ஆகியவற்றைச் சேருங்கள்.
• எல்லோருக்கும் தெரிந்த ஓர் அடையாளம் கொடுங்கள்: கோயில், பாடசாலை, கொழுந்து மடுவம், பிள்ளை மடுவம்.
• வாகனம் எது வரை வரும் என்பதை உண்மையாகச் சொல்லுங்கள்.
• ஓடர் கொடுப்பவர் கொழும்பில் இருந்தாலும், சாமானை வாங்குபவரின் போன் நம்பரையே கொடுக்க வேண்டும். லயத்தில் சிக்னல் இல்லை என்றால், சிக்னல் உள்ள இடத்தில் இருக்கும் உறவினரின் நம்பரையும் சேருங்கள்.

எல்லாவற்றுக்கும் முன், அந்தக் கடை உங்கள் தோட்டம் வரை வருமா என்று கேளுங்கள். கிளையிலிருந்து குறித்த தூரத்துக்கு மேல் பல கடைகள் வருவதில்லை. ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை, பதுளை போன்ற நகரங்களுக்குக் கிட்ட இருப்பவர்கள், போனில் ஓடர் கொடுத்துவிட்டுக் கடையிலேயே போய் எடுத்துக்கொள்ள முடியுமா என்றும் விசாரிக்கலாம்.

4. மலிவுதானா?

விலைகளை உதாரணத்துக்காக மட்டும் சொல்கிறோம். 400 கிராம் பால்மா 1,100 ரூபா, ஒரு கிலோ 2,600 ரூபா என்று வைப்போம். முதலாவதில் 100 கிராம் 275 ரூபா, இரண்டாவதில் 260 ரூபா. ஆகவே பெரிய பைக்கட்டு மலிவு. எப்போதும் அப்படி இருக்காது. ஒவ்வொரு முறையும் கணக்குப் பாருங்கள்.

இப்போது முழு ஓடருக்கும் வருவோம். தோட்டத்துக் கடையோடு பார்க்கும்போது 240 ரூபா மிச்சம், கொண்டு வரும் கூலி 360 ரூபா என்றால், 120 ரூபா நட்டம். அதே லயத்தில் நான்கு வீடு சேர்ந்து ஒரே ஓடராகக் கொடுத்தால் கூலி ஆளுக்கு 90 ரூபா. ஒவ்வொரு வீட்டுக்கும் 240 ரூபா மிச்சம் என்றால், 150 ரூபா கையில் நிற்கும்.

டவுனுக்குப் போய் வாங்குவதோடு ஒப்பிடுவதானால், பஸ் காசு, ஆட்டோ காசு, இழந்த பேர் எல்லாவற்றையும் கூட்டுங்கள். தோட்டத்துக் கடைக்காரர் கஷ்ட காலத்தில் கடன் கொடுப்பவர் என்பதையும் மறக்க வேண்டாம். ஆனால் கடனுக்காக விலை கூட்டி எழுதுகிறாரா என்று கொப்பியைப் பார்ப்பது உங்கள் உரிமை. நம் பாட்டன் பூட்டன் காலத்தில் தோட்டமே அரிசி கொடுத்து, சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. கணக்குக் கேட்கத் தெரியாமல் ஏமாந்தவர்கள் எத்தனையோ பேர். இன்று படித்த பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள்.

5. சாமான் வந்ததும்

சாரதி போகும் முன்பே பட்டியலோடு ஒத்துப் பாருங்கள். கேட்ட சாமான் இல்லாவிட்டால் வேறு வகையை வைத்து அனுப்புவதுண்டு. வேண்டாம் என்றால் அப்போதே சொல்லுங்கள். மரக்கறி, மீன் நிறையில் கூடிக் குறைவதால் பில் தொகையும் மாறலாம். பைக்கட்டில் காலாவதித் திகதியையும் உச்ச சில்லறை விலையையும் வாசியுங்கள். அச்சிட்ட விலைக்கு மேல் சாமானுக்கு வாங்குவது குற்றம். பில்லைப் பத்திரமாக வையுங்கள். முறைப்பாடு என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொல்லலாம். இச்சபை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்தது.

6. காசு விஷயம்

முதல் தடவை என்றால், சாமானைக் கண்டபின் கையில் காசு கொடுக்கும் வழி உள்ளதா என்று பாருங்கள். பேங்க் கார்ட்டில் கட்டும்போது போனுக்கு ஓர் இரகசிய எண் வரும். அதை யாருக்கும் சொல்லக் கூடாது. "கடையிலிருந்து பேசுகிறோம், அந்த எண்ணைச் சொல்லுங்க" என்று யார் கேட்டாலும் போனை வைத்துவிடுங்கள். "பரிசு விழுந்திருக்கு" என்று வரும் செய்தியில் உள்ள இணைப்பையும் தொடாதீர்கள். "இப்போது வாங்கு, தவணையில் கட்டு" என்பதும் ஒரு கடன்தான். அரிசி முடிந்த பிறகும் தவணை முடியாமல் இருக்கும்.

படிவங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. பிள்ளை வாசிக்கட்டும், தாயும் தகப்பனும் தீர்மானிக்கட்டும். பிள்ளைக்கு ஆங்கிலம் வரும், பெற்றோருக்கு வீட்டுக் கணக்குத் தெரியும். இரண்டும் வேண்டும்.

அந்த அம்மாவின் மகன் அடுத்த பொங்கலுக்கு மறுபடியும் ஓடர் கொடுத்தான். இந்த முறை பிரிவு, லயம், கோயில் எல்லாம் எழுதி, அம்மாவின் நம்பரையும் கொடுத்திருந்தான். சாரதி முச்சந்தியிலிருந்து பேசினார். "கோயில் மணி அடிக்கிற பக்கம் வாங்க தம்பி" என்று வழி சொன்னாராம் அம்மா. சாமான் வந்தது. சீனி ஒரு பைக்கட்டு குறைவு. பில்லைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். அதற்குரிய காசு திரும்பக் கிடைத்தது.

குடும்பமாகப் பேசிப் பார்க்க:

1. நம் வீட்டு முகவரியை, இதுவரை இங்கு வராத ஒருவருக்கு விளங்கும்படி ஐந்து வரியில் எழுத முடியுமா?
2. போன மாதம் வாங்கிய சாமான்களில் எதை நான்கு வீடு சேர்ந்து வாங்கியிருக்கலாம்?
3. பற்றுக் கொப்பியை நாம் கடைசியாக எப்போது கூட்டிப் பார்த்தோம்?