நிலைத்த நோய்க்கு நிலைத்த சங்கம்

ஒரு நாட்டார் துன்புறுங்கால் மற்றொரு நாட்டார் பொருளனுப்பி உதவுதல் சாலச் சிறந்த செயலேயாம். ஆயினும், அப்பொருளை ஏற்று, உரியார்க்கு உரிய காலத்தில் வழங்கிக் கணக்குக் காட்டவல்ல சங்கங்கள் அவ்விடத்திலேயே இல்லையாயின், அவ்வுதவி மணலிற் பெய்த மழைபோல் மறைந்துபோகும். இவ்வுண்மை எச்.ஐ.வி. நோய்த் தொண்டில் நன்கு புலனாகின்றது.

எச்.ஐ.வி. என்பது உடலின் நோயெதிர்க்கும் ஆற்றலைச் சிறிது சிறிதாக அழிக்கும் நுண்கிருமி. இதனை உடலினின்றும் முற்றும் நீக்கும் மருந்து பொதுவழக்கிற்கு இன்னும் வந்திலது. ஆனால் நாள்தோறும் தவறாது மருந்துண்பவர் நெடுங்காலம் நலமுடன் வாழ்கின்றனர். குருதியிற் கிருமி கண்டறியவியலாத அளவிற்குக் குறைந்து, அந்நிலை நீடிக்குமாயின், உடலுறவால் அது பிறரைத் தொற்றுவதுமில்லை. மருந்தை நிறுத்தினாலோ, கிருமி மீண்டும் பெருகும். ஆகவே நோயாளிக்கு வேண்டுவது ஆயுள் முழுதும் அறாத துணை. அயல்நாட்டு உதவித் திட்டங்களோ சில ஆண்டுகட்கென வகுக்கப்படுவன. திட்டம் முடிந்தபின் நோயாளியின் வாயிலில் வந்து நிற்பவர் யாவர்? இவ்வினாவே யாம் ஈண்டு ஆராயப் புகுவது.

கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள உகாண்டா நாட்டின் வரலாறு இதற்கு விடை பகர்கின்றது. தலைநகராகிய கம்பாலாவில் இயன்முறை மருத்துவத் துறையிற் பணியாற்றியவர் நோயரின் கலீபா அம்மையார். அவர்தம் கணவர் கிறிஸ்டபர், இங்கிலாந்திற் கல்வி பயின்றுவந்த காலத்து எயிட்ஸ் நோயுற்றவராய்க் காணப்பட்டு, 1987-ஆம் ஆண்டு ஜனவரியில் உயிர்நீத்தார். அந்நாளில் இந்நோயுற்றாரை அயலாரேயன்றி உற்றாரும் ஒதுக்கினர். அம்மையாரோ, நோயுற்றாரும் நோயால் உற்றாரை இழந்தாருமாகிய பதினைவரோடு கூடி, அவ்வாண்டிலேயே 'டாசோ' எனச் சுருங்க வழங்கும் எயிட்ஸ் ஆதரவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். கிருமியை அடக்கும் மருந்து அவர்கட்கு அன்று எட்டவில்லை. ஆறுதல் மொழியும், வீடு தேடிச் செல்லும் வழக்கமும், தாமே பட்டறிந்த அறிவுமே அச்சங்கத்தின் முதலாயின.

அம்முதலின் பெருமை பின்னரே விளங்கிற்று. 2003-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசினர் 'பெப்ஃபார்' என்னும் பெருந்திட்டத்தைத் தொடங்கியபின், மருந்து பெருமளவில் உகாண்டாவை அடைந்தது. மருத்துவரோ சிலர், வைத்தியசாலைகளோ சேய்மைக்கண் இருந்தன. ஆகவே 2005-ஆம் ஆண்டு முதல் ஜிஞ்ஜா நகரைச் சூழ்ந்த பகுதியில், டாசோவிற் சிகிச்சை பெற்ற 1,453 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நிகழ்ந்தது. ஒரு சாரார் வைத்தியசாலைக்குச் சென்று மருந்து பெற்றனர். மற்றைச் சாரார்க்கு, மருத்துவரும் செவிலியரும் அல்லாத, பயிற்சிபெற்ற களத்தொண்டர் மோட்டார் சைக்கிளில் மாதந்தோறும் வீட்டிற்கே மருந்து கொணர்ந்து நலம் வினவினர். முடிவில், கிருமி அடங்காதார் வீட்டிற் பெற்றவருள் நூற்றுக்குப் 16 பேரும், வைத்தியசாலையிற் பெற்றவருள் 17 பேருமே. தக்க பயிற்சியும் மேற்பார்வையும் உளவாயின், ஊரறிந்த தொண்டர் இப்பெருஞ்சுமையைத் தாங்கவல்லர் என்பது இதனாற் பெறப்படும்.

அன்பும் ஆர்வமும் மட்டும் போதுமோ எனின், போதா. 2005-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், எயிட்ஸ், காசநோய், மலேரியா ஆகியவற்றை எதிர்க்கும் உலக நிதியத்தார், நிர்வாகச் சீர்கேடு கண்டு, உகாண்டாவிற்கு அளித்துவந்த மானியங்களைச் சில மாதங்கள் நிறுத்திவைத்தனர். கணக்கேட்டிற் பிழை புகின் நோயாளியின் கலத்தில் மருந்து குறையும் என்பதை நாம் மறத்தலாகாது.

ஆகவே, ஒரு சங்கத்தை வலுப்படுத்தலாவது அதற்கு நான்கு உறுப்புக்களை அமைத்தலாம். முதலாவது, எவரும் பார்வையிடத்தக்க கணக்கு. இரண்டாவது, மருந்து தீருமுன்னரே அடுத்த மாதத்திற்கு வேண்டுவதை அளந்தறிந்து வரவழைக்கும் முறை. மூன்றாவது, ஒருவரையே சாராத ஆட்சிக்குழு. கலீபா அம்மையார் 1996-இல் ஐக்கிய நாடுகளின் எயிட்ஸ் பணிக்குச் சென்ற பின்னும் டாசோ தளராது நடந்தமை இதற்குச் சான்று. நான்காவது, பலவழியானும் வரும் வருவாய்.

இந்நான்காவதே பெரும்பாலும் கைகூடாதது. பெப்ஃபார் திட்டத்தார் 2018-ஆம் ஆண்டில், தம் நிதியில் நூற்றுக்கு 70 பங்கை 2020-ஆம் ஆண்டு முடிவிற்குள் அவ்வந்நாட்டு அமைப்புக்களின் வாயிலாகவே செலவிடக் குறிக்கோள் கொண்டனர். நன்னோக்கமே, ஆயினும் கை உள்ளூரதாகியும் ஊற்று ஒன்றாகவே இருந்தது. 2025-ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்க அரசினர் அயல்நாட்டு உதவியைத் திடீரென நிறுத்திவைத்தபோது, ஆப்பிரிக்காவிற் பல சிகிச்சை நிலையங்கள் கதவடைத்தன; தொண்டர் பலர் வேலையிழந்தனர். உயிர்காக்கும் மருந்திற்கு விலக்களிக்கப்பட்ட பின்னும், அதனை வீடுதோறும் சேர்ப்பார் பலவிடத்தும் இலராயினர்.

மாணவ நண்பர்களே, நம் கல்லூரிச் சங்கங்களில் நாணயமாகக் கணக்கெழுதவும், கூட்டக் குறிப்பைச் செவ்வனே வரையவும், பொறுப்பை அடுத்தவர்க்குப் பயிற்றி ஒப்படைக்கவும் நாம் இன்று பழகுகின்றோம். இவை சிறு வேலைகளெனத் தோன்றலாம். ஆயினும் கம்பாலாவின் பதினாறு பேர் மூட்டிய விளக்கை அணையாது காப்பன இவையே. கொடுப்பவர் கை ஓய்ந்த நாளிலும் நோயாளியின் கதவைத் தட்டும் கை ஓயாதிருத்தலே தொண்டின் நிறைவாம்.