பழைய மடிக்கணினியைப் புதுப்பித்தல்

தமிழ்நாடு அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை 2011 செப்டம்பர் 15-ஆம் நாள் தொடங்கியது. அவ்வாறு வந்த கருவிகளுள் சில, பிள்ளைகள் படித்து முடித்தபின் நம் மாவட்டத்து இல்லங்களில் பெட்டிக்குள் உறங்குகின்றன. வேகமில்லை என்று ஒதுக்குமுன் எதை மாற்றினால் பயனுண்டு என்பதை அங்கத்தினர்கள் அறிதல் நன்று. அறியாமல் செலவிடும் பணம், பாவுநூலுக்கும் விதைக்கும் உரிய பணமன்றோ!

1. பிராசசர்: கணக்கிடும் உறுப்பு இதுவே. பலரும் முதலில் இதனையே மாற்ற விரும்புவர். ஆயினும் பெரும்பாலான மடிக்கணினிகளில் இது தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டுள்ளது. பழைய சிலவற்றில் கழற்றி மாட்டும் அமைப்பு உண்டு. அவற்றிலும் புதியது அவ்வமைப்பிற்குப் பொருந்த வேண்டும். பயாஸ் அதனை ஏற்க வேண்டும். விசிறி அதன் வெப்பத்தைத் தாங்க வேண்டும். ஆகவே இதில் செலவிடாதிருத்தலே சிக்கனம்.

2. ஹார்டு டிஸ்க்: தாமதத்தின் மூலகாரணம் பெரும்பாலும் சுழலும் இத்தட்டே. நெய்பவர் கை எத்துணை விரைந்தாலும், தார் சுற்றிவரத் தாமதித்தால் தறி நிற்குமல்லவா? இதனை அகற்றி 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. பொருத்தினால், கருவி விழித்தெழும் நேரம் வெகுவாகக் குறையும்.

3. ராம்: 2 ஜி.பி. உள்ளதை 4 அல்லது 8 ஆக்கலாம். டி.டி.ஆர்.3 உள்ள இடத்தில் டி.டி.ஆர்.4 பொருந்தாது. 1.35 வோல்ட் வகையை மட்டும் ஏற்கும் கருவிகளும் உண்டு. 32-பிட் விண்டோஸ் 4 ஜி.பி.க்கு மேல் பயன்கொள்ளாது. ஆகவே பழைய ராமின் மேலுள்ள எழுத்துக்களைக் குறித்துச் சென்று வாங்குக.

4. இயக்குதளம்: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிவுற்றது. இப்பழைய பிராசசர்களை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. லினக்ஸ் வகைகளோ விலையின்றிக் கிடைக்கின்றன. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் அவற்றுள் ஒன்று.

செய்முறை: முதலில் பத்திர நகல், கணக்கு, புகைப்படங்களை வேறொன்றில் பிரதியெடுக்க. பின்னர் மின்னிணைப்பை நீக்கி, பாட்டரியைக் கழற்றுக. உடலின் நிலைமின்சாரம் நீங்க, பூச்சில்லாத உலோகத்தைத் தொட்டபின்பே உள்ளுறுப்பில் கை வைக்க. பாட்டரி உப்பியிருந்தால் அழுத்தவோ குத்தவோ கூடாது, குப்பையிலும் எறியலாகாது. மின்கழிவு பெறுவோரிடமே ஒப்படைத்தல் வேண்டும்.

இவ்வளவும் செய்தால் கடிதம், வரவு செலவுக் கணக்கு, பிள்ளைகளின் பாடம் ஆகியவற்றிற்கு அது மேலும் சில ஆண்டுகள் உழைக்கும். தாய்ப்பலகையே பழுதாயின், மேலே செலவிடாமல் விட்டுவிடுதலே விவேகம்.