கடற்காற்றில் ஸ்பிட்ஃபயர்

என் மாடல் விமானம் விழுந்ததற்கு விமானம் சரியில்லாததுதான் காரணம் என்று இன்றும் சொல்லிக்கொண்டு திரிகிறார், அன்று என்னோடு வந்த நண்பர். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2018 ஏப்ரலில் திருவிடந்தையில் ராணுவத் தளவாடக் கண்காட்சி நடந்தபோது பிடித்த மாடல் விமானப் பைத்தியம் இது. என்னுடையது ரிமோட்டில் பறக்கும் மின்சார ஸ்பிட்ஃபயர்; இறக்கை 1.2 மீட்டர், ஃபோம் உடல், நாலு செல் லிப்போ பேட்டரி. உடலில் 'ஏ.இசட்' என்ற எழுத்துகளை நானே ஒட்டினேன். சென்னை மாகாணத்தின் பெயர் தாங்கி, பிரிட்டிஷ் விமானப்படையில் ஸ்பிட்ஃபயர் போர்விமானங்களை ஓட்டிய 234ஆம் ஸ்குவாட்ரனின் அடையாளம் அது. இதை ஓட்ட நினைத்தால் முதலில் ட்ரெய்னர் விமானத்தில் கை பழகிவிட்டு வாருங்கள். பேட்டரி சார்ஜ், ரேஞ்ச் செக், சி.ஜி. (ஈர்ப்பு மையம்) எல்லாம் பெட்டியோடு வரும் தாளில் இருக்கிறது.

தாளில் இல்லாதது திருவிடந்தைக் காற்று. விடிகாலையில் கரையிலிருந்து மெல்ல வீசும். மதியத்துக்கு மேல் கடற்காற்று ஏறிவிடும். ஆகஸ்ட்டில் இங்கே பட்டத் திருவிழா நடத்துகிறார்களே, இந்தக் காற்றை நம்பித்தான். காலை ஐந்தரைக்கே ஈ.சி.ஆரில் காரை விட்டுவிடலாம் என்றேன். நண்பருக்குத் தூக்கம் முக்கியம். மாலை நாலு மணி வெயிலில் போய் நின்றோம்.

கடலைப் பார்த்து ஏற்றியபோது சொகுசாகப் போனது. கரைப்பக்கம் திருப்பினேன், அம்பாய்ப் பாய்ந்தது. "வேகம் ஜாஸ்தி சார், த்ராட்டிலைக் குறைங்க, குறைங்க!" என்று காதருகே கத்தினார். நானும் குறைத்தேன். கணக்கைப் பாருங்கள். விமானம் காற்றுக்குள் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, பின்னாலிருந்து காற்று 20 தள்ளுகிறது என்றால், தரையில் நிற்பவர் கண்ணுக்கு அது 70. கண்ணை நம்பி 50ஆகக் குறைத்தால் இறக்கைக்குக் கிடைப்பது வெறும் 30. இறக்கையைத் தூக்கிப் பிடிப்பது காற்றுக்குள் போகும் வேகம், கண்ணுக்குத் தெரியும் வேகம் அல்ல. இடது இறக்கை சட்டென்று சரிந்தது. அந்த உயரத்தில் மீட்க இடமில்லை. சவுக்குத் தோப்போரம் மூக்கு குத்தி விழுந்தது.

ஃபோமை ஒட்டிவிடலாம். மோட்டார்தான் போனது. இந்தக் கரை மணலில் கலந்திருக்கும் கறுப்பு மணல் காந்தத்தில் ஒட்டும். மோட்டாருக்குள் புகுந்தால் தூரிகை வைத்தாலும் முழுசாக வராது. விழுந்த விமானத்தின் த்ராட்டிலை 'ஓடுகிறதா பார்ப்போம்' என்று தொடவே தொடாதீர்கள். அதைத் தொட்டுப் பார்த்ததும் அதே நண்பர்தான். நசுங்கிய பேட்டரியை மறுபடி சார்ஜில் போடாதீர்கள், தீப்பிடிக்கும்.

திருவிடந்தைக்குத் தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையம், வடமேற்கே தாம்பரம் விமானப்படைத் தளம். அதனால் கிளம்பும் முன் டிஜிட்டல் ஸ்கை வான்வெளி வரைபடத்தில் நீங்கள் நிற்கப்போகும் இடம் பச்சை மண்டலத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நித்யகல்யாணப் பெருமாள் கோயிலுக்குக் கல்யாண மாலையோடு கூட்டம் வரும் நாளில் அந்தப் பக்கமே பறக்கவிடாதீர்கள். பக்கத்தில் யாராவது நின்றால், பேசாமல் நிற்கச் சொல்லுங்கள்.