ஆரோக்கியப் பாடம்: வலிக்காமல் வரும் ஈறு நோய்



பல்லில் சொத்தை விழுந்தால் இரவெல்லாம் தூக்கம் இராது. விடிந்ததும் மருத்துவரைத் தேடி ஓடுகிறோம். ஈறு நோய்க்கு அப்படி ஓடுகிறவர்கள் மிகவும் குறைவு. காரணம், அது பெரும்பாலும் வலிப்பதில்லை. பல் துலக்கும்போது சிறிது இரத்தம் வரும். "உடம்பில் சூடு அதிகம்" என்று சொல்லிக்கொண்டு அநேகர் அதை விட்டுவிடுகிறார்கள். பல் ஆடத் தொடங்கிய பிறகுதான் எங்களிடம் வருகிறார்கள். அதற்குள் நோய் வெகுதூரம் போயிருக்கும். ஆகையால் இந்த நோயைப்பற்றி எல்லாரும் தெரிந்துகொள்ளும்படி இந்தப் பாடத்தை எழுதுகிறோம். குடும்பத்தார் கூடியிருக்கும்போது ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம்.

நோய் எப்படி உண்டாகிறது?

நம் வாயில் எப்போதும் கிருமிகள் உண்டு. அவை பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, வழவழப்பான ஒரு படலமாகப் படிகின்றன. இந்தப் படலம் பிசுபிசுப்பானது. வாய் கொப்பளித்தால் மட்டும் போகாது. தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். எடுக்காமல் விட்டால் உமிழ்நீரிலுள்ள உப்புக்கள் அதில் சேர்ந்து, சில நாட்களிலேயே கல்போல் இறுகத் தொடங்கும். இதைத்தான் காரை என்கிறோம். காரையின்மேல் இன்னும் அதிகக் கிருமிகள் ஒட்டும்.

கிருமிகளை எதிர்க்க ஈறுக்கு இரத்த ஓட்டம் அதிகமாகிறது. ஈறு சிவந்து, வீங்கி, தொட்டாலே கசிகிறது. இது முதல் நிலை. இதற்கு ஈறு அழற்சி என்று பெயர். இந்த நிலையில் எலும்புக்கு ஒரு சேதமும் இல்லை.

இரண்டாம் நிலையில் ஈறு பல்லைவிட்டு விலகி, நடுவே ஒரு பை போன்ற இடைவெளி உண்டாகிறது. நல்ல ஈறில் இந்த இடைவெளி 3 மில்லிமீட்டருக்கு மேல் போகாது. நோய் முற்றும்போது அது 5, 6, 7 என்று ஆழமாகும். உள்ளே பல்லைத் தாங்கும் எலும்பு கரைகிறது. முன்னாளில் பயோரியா என்று சொன்னது இதைத்தான். கரைந்த எலும்பு தானாக வளராது.

முதல் நிலையில் முழுச் சுகம் உண்டு

1965-ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டில் ஹரால்ட் லோ என்னும் பல் மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் ஒரு சோதனையின் முடிவுகளை வெளியிட்டார்கள். நல்ல ஈறுள்ள 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லாருக்கும் ஈறு அழற்சி வந்தது. மறுபடியும் துலக்கத் தொடங்கியதும் சில நாட்களிலேயே ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது.

இரத்தம் வருகிறதென்று பயந்து அந்த இடத்தில் துலக்காமல் விடுவது ஏன் தவறு என்பது இதனால் விளங்கும். இரத்தம் வருகிற இடமே அதிகமாகச் சுத்தம் செய்ய வேண்டிய இடம். மென்மையாகத் துலக்கி வந்தால், ஒன்றிரண்டு வாரத்தில் கசிவு குறைவதை நீங்களே காணலாம். குறையாவிட்டால் உள்ளே காரை இருக்கக்கூடும், மருத்துவரிடம் செல்லுங்கள்.

கவனியாமல் விட்டால்?

இதற்கான சான்று நம் மொழி பேசும் மக்களிடமிருந்தே கிடைத்திருக்கிறது. அதே லோவின் குழுவினர் 1970-இல் இலங்கை மலையகத்தின் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்தார்கள். 1985 வரை திரும்பத் திரும்ப அவர்களைப் பார்த்து வந்தார்கள். அந்தத் தமிழ்த் தொழிலாளர்களுக்குப் பல் பிரஷ் பழக்கமில்லை. பல் மருத்துவமும் எட்டவில்லை. சொத்தைப் பல் அவர்களிடம் ஏறக்குறைய இல்லவே இல்லை. ஆனால் எல்லாருடைய பற்களிலும் படலமும் காரையும் இருந்தன.

1986-இல் வெளியான முடிவுகள் இவை: நூற்றுக்கு 11 பேருக்கு நோய் ஈறு அழற்சியோடு நின்றது. 81 பேருக்கு மெதுவாக முற்றியது. அவர்கள் 45 வயதுக்குள் சராசரியாக 7 பற்களை இழந்தார்கள். மீதி 8 பேருக்கு நோய் வேகமாகப் பரவியது. 35 வயதில் 12 பற்கள், 40 வயதில் 20 பற்கள், 45 வயதில் எல்லாப் பற்களும் போய்விட்டன. இதை வாசிக்கும்போது எங்கள் மனம் பாரமடைகிறது. ஒரு சொத்தைகூட இல்லாத பற்கள் அவை. தினசரி சுத்தமும் காலத்தில் சிகிச்சையும் கிடைத்திருந்தால் அவற்றில் பெரும்பாலானவை நின்றிருக்கும்.

யார் அதிக ஜாக்கிரதையாயிருக்க வேண்டும்?

1. சர்க்கரை வியாதி உள்ளவர்கள். சர்க்கரை கட்டுப்படாவிட்டால் ஈறு நோய் விரைவாக முற்றும். ஈறு நோய் இருந்தால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். ஈறுக்குச் சிகிச்சை பெற்றவர்களுக்குச் சர்க்கரை அளவு ஓரளவு குறைவதும் கண்டறியப்பட்டிருக்கிறது.

2. புகை பிடிப்பவர்கள், புகையிலை போடுகிறவர்கள். புகை பிடிப்பவர்களின் ஈறில் இரத்தக் கசிவு குறைவாகவே தெரியும். எச்சரிக்கை மறைந்துவிடுவதால் ஆபத்து இன்னும் அதிகம். புகையிலை கலந்த பல்பொடி, பற்பசைகளை இந்திய அரசு 1992-இல் தடை செய்தது.

3. கர்ப்பிணிகள். அந்த மாதங்களில் ஈறு எளிதில் வீங்கும். பல் சுத்தம் செய்துகொள்வதால் குழந்தைக்குத் தீங்கில்லை. நான்காம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை அதற்கு வசதியான காலம்.

4. வலிப்பு நோய்க்கு பெனிடாயின் மாத்திரை, இரத்த அழுத்தத்துக்கு நிபெடிபின், அம்லோடிபின் மாத்திரைகள் சாப்பிடுகிறவர்கள். இவர்களில் சிலருக்கு ஈறு தடித்து வளரும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சிகிச்சையும் ஒரு வீண் பயமும்

இறுகிய காரையைப் பிரஷ்ஷினால் எடுக்க முடியாது. பல் மருத்துவர் கருவியினால் அதை எடுப்பார். பை ஆழமாயிருந்தால் மரத்துப்போகும் ஊசி போட்டு, வேர்ப்பகுதியையும் சுத்தம் செய்வார். மிகவும் முற்றியிருந்தால் ஈறைச் சிறிது திறந்து அறுவைச் சிகிச்சை செய்ய நேரிடும். காரையை எடுக்காமல் மாத்திரை மட்டும் சாப்பிட்டால் நோய் தீராது.

"பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆடிப்போகும், இடைவெளி விழும்" என்று பலர் பயப்படுகிறார்கள். எலும்பு முன்பே கரைந்திருக்க, காரை இடுக்கையெல்லாம் அடைத்துக்கொண்டு பல் உறுதியாயிருப்பதுபோல் காட்டும். காரை நீங்கி, ஈறின் வீக்கமும் வடிந்த பின்பு, ஏற்கெனவே இருந்த இடைவெளி வெளியே தெரிகிறது. சில நாட்கள் பல் கூசுவதும் உண்டு. அது பெரும்பாலும் தானே குறையும். அதற்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போட்டால் எலும்பு மேலும் கரையும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

• காலையிலும், இரவு படுக்கப் போகும் முன்பும் இரண்டு நிமிடம் துலக்குங்கள். இரவில் துலக்குவதைத் தவறவிடாதீர்கள்.

• மென்மையான பிரஷ் வாங்குங்கள். அதைச் சாய்த்துப் பிடித்து, ஈறும் பல்லும் சேரும் ஓரத்தில் மெதுவாக அசைத்துத் துலக்குங்கள். அழுத்தித் தேய்த்தால் ஈறு தேய்ந்து வேர் வெளிப்படும்.

• செங்கல் தூள், கரித்தூள், உப்புத்தூள் கொண்டு தேய்க்க வேண்டாம். வேப்பங்குச்சி பழக்கமுள்ளவர்கள் நுனியை நன்றாக மென்று மிருதுவாக்கி, ஈறைக் குத்தாமல் பயன்படுத்துங்கள்.

• பல் இடுக்குகளை அதற்கென்று விற்கும் நூலினாலோ சிறு பிரஷ்ஷினாலோ தினம் ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். குண்டூசி, ஊக்கு கொண்டு குத்தாதீர்கள்.

• ஆண்டுக்கு ஒருமுறையாவது பல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஈறு நோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள் மூன்று அல்லது நான்கு மாதத்துக்கு ஒருமுறை செல்வது நல்லது.

இன்று இரவே வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் கேளுங்கள்: துப்பும் நுரையில் சிவப்பு தெரிகிறதா? ஈறு பல்லைவிட்டுக் கீழிறங்கியிருக்கிறதா? வாயில் ஓயாத துர்நாற்றம் உண்டா? முன்பற்களுக்கிடையே புதிதாக இடைவெளி விழுந்திருக்கிறதா? வயதான பெற்றோரை முக்கியமாய்க் கேளுங்கள். வயதானால் பல் விழத்தான் செய்யும் என்று அவர்கள் சொல்லாமல் இருந்துவிடுவார்கள். ஒரு கேள்விக்காவது "ஆம்" என்று பதில் வந்தால், வலி வரட்டும் என்று காத்திராமல் இந்த வாரமே அவர்களைப் பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.