மாரிக்கு முன் புகைக்கூட்டை நிமிர்ந்து பாருங்கள்

பருவகால ஆலோசனை: புரட்டாதி, ஐப்பசி
நெளுக்குளமும் அயற்கிராமங்களும்

காலபோகத்துக்கு வயல் உழத் தொடங்கிவிட்டார்கள். உடைந்த ஓடு மாற்றுகிறவர்கள் மாற்றுகிறார்கள். வளவு வாய்க்காலை வெட்டிவிடுகிறார்கள். விறகை வெயில் படுகிற பக்கமாக இழுத்துப் போடுகிறார்கள். இத்தனைக்கும் நேரம் ஒதுக்குகிற வீட்டில் குசினிப் புகைக்கூட்டை மட்டும் ஒருவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அதைப் பார்க்கவேண்டிய நாட்கள் இவைதான். ஐப்பசி நடுவில் மழை பிடித்துக்கொண்டால் கூரை வழுக்கும், பூச்சு காயாது, மேசனும் கிடைக்கமாட்டார். பிறகு தை பிறக்கும்வரை புகைக்குள்தான் சமையல்.

“மாரி எண்டால் குசினி புகையும்தானே பிள்ளை, அது வழமை” என்று எங்கள் ஒழுங்கையில் ஒரு பெரியம்மா போன வருடம் சொன்னார். சொல்லும்போதே சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது வழமையல்ல. திருத்தாமல் விட்ட பழுது வழமையாகிப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

மாரியில் மட்டும் ஏன் புகை திரும்பி வருகிறது? அடுப்பில் சூடேறிய காற்று இலேசாகி மேலே எழும். எழும்போது புகையையும் இழுத்துக்கொண்டு போகும். அது வெளியேறுகிற அளவுக்குக் கதவு யன்னல் வழியாகப் புதுக்காற்று உள்ளே வரவேண்டும். கோடையில் எல்லாம் திறந்து கிடப்பதால் குறை தெரிவதில்லை. மழைக்குக் கதவு யன்னலைச் சாத்தியதும் உள்ளே வரும் காற்று நின்றுவிடுகிறது. இரவு முழுக்கக் குளிர்ந்து ஈரம் ஊறிய கூட்டுக்குள் கனத்த குளிர்காற்று அடைத்து நிற்கும். விடியற்காலையில் தேத்தண்ணிக்கு மூட்டுகிற சின்ன நெருப்பால் அதைத் தள்ள முடியாது. காற்றின் திசையும் மாறுகிறது. கோடை முழுக்கத் தென்மேற்கிலிருந்து வந்தது சோளகம். கார்த்திகையில் வாடை வடகிழக்கிலிருந்து அடிக்கும். ஆறு மாதம் நன்றாக இழுத்த கூட்டின் வாய் வாடையைப் பார்த்தபடி இருந்தால், புகை போகிற வழியிலேயே காற்று உள்ளே இறங்கும். இதோடு ஈர விறகும் சேர்ந்துகொள்கிறது.

2012 குடிசன மதிப்பின்படி இலங்கையின் வீடுகளில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் விறகில்தான் சமைத்தன. 2022 இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற மாதங்களில், விறகடுப்பை விட்டவர்களும் அதற்குத் திரும்பினார்கள். வீட்டுக்குள் சேரும் அடுப்புப் புகை முதலியவற்றால் 2020 இல் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. புகைக்குள் வளரும் சின்னப்பிள்ளைக்கு நியூமோனியா வரும் ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பு என்றும் அது சொல்கிறது. தாய் சமைக்கும்போது பிள்ளை இடுப்பிலோ பக்கத்துப் பலகையிலோதான் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும்.

முதல் வேலைக்குச் செலவே இல்லை. அடுப்பு நன்றாக ஆறிய பிறகு, உச்சிவெயில் நேரத்தில், முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை அடுப்பு மேடையில் சாய்த்து வைத்துக் கூட்டின் உள்ளே காட்டுங்கள். கூடு நேராக இருந்தால் கண்ணாடியில் வானம் ஒரு நீலச் சதுரமாகத் தெரியவேண்டும். அந்தப் பெரியம்மா வீட்டில் நாங்கள் வைத்த கண்ணாடியில் நீலமே இல்லை. சாம்பல் நிறத்தில் ஏதோ தொங்கியது. தும்புத்தடியின் பிடியை மேலே விட்டு மெல்லக் கிளறினோம். பொச்சு நார், காய்ந்த வேப்பங்குச்சி, பிய்ந்த உரப்பை இழை, ஒரு சிவப்பு றிபன் துண்டு என்று ஒரு கடகம் நிறைய இறங்கியது. அணில் எப்போதோ கட்டிவிட்டுப் போன கூடு. அதற்குப் பின்னால் கரி இரண்டு விரல் தடிப்பில் ஒட்டியிருந்தது. ஒன்பது அங்குலக் கூட்டில் புகை போக மிஞ்சியிருந்தது ஒரு தேங்காய் போகிற வழி. அன்று பின்னேரம் அடுப்பு மூட்டியபோது புகை நேரே மேலே போவதைப் பெரியம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

கிளறுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். உள்ளே குளவி இரைகிற சத்தம் கேட்டாலோ, தேனீ போய்வந்தாலோ கை வைக்கவேண்டாம், கீழே நெருப்பு மூட்டிக் கலைக்கவும் வேண்டாம். குளவி குசினிக்குள்தான் இறங்கும். அதில் பழகிய ஒருவரைக் கூப்பிடுங்கள். குருவிக் கூட்டில் குஞ்சு இருந்தால் அவை பறக்கும்வரை சில நாள் வெளியில் கல் வைத்துச் சமைக்கலாம்.

கரி இறக்கும்போது பானை சட்டியை வெளியே எடுத்து, அடுப்பு வாயை நனைத்த சாக்கால் மூடி, மூக்கு வாய்க்குத் துணி கட்டிக்கொள்ளுங்கள். மேலே ஏறக்கூடிய உறுதியான கூரையென்றால், கயிற்றின் நுனியில் கல்லும் அதற்கு மேல் இறுக்கிக் கட்டிய பொச்சுக் கட்டும் வைத்து, உள்ளே இறக்கி ஏற்றுங்கள். ஏழெட்டுத் தரம் போதும். அஸ்பெஸ்டஸ் சீற்றில் வெறுங்காலோடு நேரே மிதித்து ஏறக்கூடாது. பழைய சீற் ஆளோடு உடைந்து விழும். பலகை போட்டு, அதுவும் சலாகைக்கு மேலாகவே நடக்கவேண்டும். ஏற ஆள் இல்லாத வீடுகள் எங்கள் பக்கத்தில் நிறைய இருக்கின்றன. போருக்குப் பிறகு பெண்கள் தனியே நடத்துகிற வீடுகள். கீழேயிருந்து நீளத் தடியில் தும்புக்கட்டைக் கட்டி மேல்நோக்கி உரசினாலும் கரியில் பெரும்பங்கு இறங்கிவிடும், மேலே ஏறத் தேவையில்லை. உச்சியைப் பார்க்கத்தான் ஒருவர் ஏறவேண்டும். அந்த அரை மணி நேரத்தைப் பக்கத்து வீட்டு இளைஞர்கள் கொடுக்கவேண்டும்.

நோர்வேயில் இருக்கும் சொந்தக்காரரைக் கேட்டுப்பாருங்கள். அங்கே புகைக்கூட்டுக் கரியை எடுக்க நகரசபையே ஆள் அனுப்பும், வீட்டுக்காரர் மறந்தாலும் அவர்கள் மறப்பதில்லை. கூட்டுக்குள் தீப்பிடித்தால் வீடே போகும் என்பதால் வந்த ஏற்பாடு அது. இங்கே அப்படி யாரும் வரப்போவதில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

இங்கும் கூட்டுக்குள் தீப்பிடிக்கும். ஈர விறகின் புகை குளிர்ந்த சுவரில் பட்டுத் தார்போல உறையும். துடைத்தால் தூளாக உதிர்வது வெறும் கரி. கறுப்பாக மினுங்கி, விரலில் பிசினாக ஒட்டினால் அது எரியக்கூடியது. ஒருநாள் பெரிய நெருப்பு மூட்டும்போது அது பற்றிக்கொள்ளும், கூட்டுக்குள் லொறி போவதுபோல இரைச்சல் கேட்கும். அப்போது உச்சியிலிருந்து தண்ணீர் ஊற்றவேண்டாம். சூடேறிய கல் வெடித்துப் பிளக்கும். அடுப்பு வாயை நனைத்த சாக்காலோ மணலாலோ அடைத்துக் காற்றை நிறுத்துங்கள். எல்லோரையும் வெளியே எடுங்கள். கூரை மரத்தில் கண் வையுங்கள்.

அந்த மரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். செங்கல் கூட்டுக்கும் சலாகைக்கும் இடையில் குறைந்தது இரண்டு அங்குல இடைவெளி இருக்கவேண்டும். தகரக் குழாயைப் புகைபோக்கியாக வைத்தவர்கள் மரத்திலிருந்து ஒன்றரை அடி தள்ளி வைக்கவேண்டும். கிடுகுக் கொட்டிலில் தகரக் குழாயே வேண்டாம். கூட்டோடு ஒட்டிய சலாகை கறுத்தோ பொருக்கு வெடித்தோ இருந்தால், அது ஏற்கெனவே வெந்துகொண்டிருக்கிறது.

எங்கள் பக்கத்து வீடுகள் பல வீட்டுத்திட்டத்தில் எழும்பியவை. 2012 ஒக்ரோபர் 2 இல் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், வடக்கில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா தவணை தவணையாக வந்தது; வீட்டுக்காரரே நின்று கட்டுவித்தார்கள். அப்படிக் கட்டியதில் பெருமைப்பட நிறைய இருக்கிறது. ஆனால் நான் ஏறிப் பார்த்த சில வீடுகளில், காசு முடிகிற நேரத்தில் கட்டியது புகைக்கூடு என்பது பார்த்தவுடன் தெரிந்தது. கூரையை விட்டு ஒரு முழமும் எழும்பாமல் நின்றுவிட்டது. கூரையைத் துளைத்து வெளியே வருகிற இடத்திலிருந்து கூடு மூன்று அடி உயரவேண்டும். பத்தடி சுற்றளவில் இருக்கிற எந்த முகட்டையும் விட இரண்டு அடி மேலே நிற்கவேண்டும். அதற்குக் கீழே நின்றால் முகட்டைத் தாண்டிப் புரளும் காற்று புகையைக் கீழே அமுக்கும். நாலைந்து வரிசை கல் கூட்டுவது மேசனுக்கு ஒரு நாள் வேலை. எல்லாவற்றையும் செய்யக் காசில்லை, ஒன்றுதான் முடியும் என்றால் நான் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

உச்சியில் மழை இறங்காமல் சீமெந்துப் பலகை மூடி இருக்கும். அதற்கும் கூட்டுக்கும் இடையில் நான்கு பக்கமும் ஒரு சாண் திறப்பு வேண்டும். மழைக்குப் பயந்து அதைக் கல் வைத்து அடைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அடைத்தால் புகைக்கு வேறு வழியில்லை. வாடை நேரே அடித்தால் வடகிழக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு தகரத்தை நாலு விரல் தள்ளி மறைப்பாகக் கட்டி, மற்ற மூன்று பக்கத்தையும் திறந்தே விடுங்கள். அணிலுக்கும் குருவிக்கும் அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை போதும். நுளம்புவலை வேண்டாம், ஒரே மாதத்தில் கரி அடைத்துவிடும்.

வெடிப்பு எங்கே என்று கண்டுபிடிக்க, அடுப்பில் பச்சை இலை கொஞ்சம் போட்டுப் புகைய விட்டு, கூட்டின் வெளிச்சுவரையும் கூரைக்குக் கீழ்ப் பகுதியையும் பாருங்கள். புகை கசிகிற இடத்தைக் கரித்துண்டால் கோடிட்டு வையுங்கள். பூசும்போது ஒன்றை மேசனிடம் வற்புறுத்திச் சொல்லுங்கள்: நெருப்புப் படுகிற உட்பக்கத்துக்குச் சீமெந்துப் பூச்சு வேண்டாம். சூட்டில் அது பொரிந்து கழன்றுவிடும். அடுப்புக்கு நேர்மேலே புற்றுமண்ணோடு உமியும் சாணமும் குழைத்துப் பூசுகிற நம்முடைய பழைய பூச்சே தாங்கும். உதிர்ந்தாலும் வீட்டிலேயே திரும்பப் பூசிக்கொள்ளலாம். சீமெந்து வெளிப்பக்கத்துக்கு. கூடும் கூரையும் சேருகிற இடத்தில் வெறும் சீமெந்தை அப்பினால் அடுத்த வெயிலில் வெடிக்கும். மடித்த தகரத்தை ஓட்டுக்குக் கீழே செருகிக் கூட்டுச் சுவரில் பதிக்கச் சொல்லுங்கள். அஸ்பெஸ்டஸை வெட்டவேண்டி வந்தால் தண்ணீர் ஊற்றி நனைத்துக்கொண்டே கைவாளால் வெட்டவேண்டும். அந்தத் தூளை மூச்சில் எடுக்கக்கூடாது.

பாலையோ வீரையோ, எந்த விறகானாலும் இப்போதே பிளந்து, நிலத்தில் படாமல் இரண்டு குற்றிக்கு மேல் அடுக்குங்கள். மேலே தகரம், பக்கங்கள் திறந்தபடி. முழுக்கப் பொலித்தீனால் போர்த்தினால் உள்ளேயே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். இரண்டு துண்டைத் தட்டிப் பாருங்கள். காய்ந்தது ‘டங்’ என்று கேட்கும், ஈரமானது ‘தொப்’ என்று அமுங்கும். விறகை இழுக்குமுன் தடியால் தட்டுங்கள், மாரியில் பாம்பும் அங்கேதான் ஒதுங்கும். நெருப்பு மூட்டப் பன்னாடையும் பாளையும் சிரட்டையும் வீட்டிலேயே கிடக்கும்போது பொலித்தீன் பை எதற்கு? மூட்டிய முதல் ஐந்து நிமிடம் யன்னலை ஒரு சாண் திறந்து, ஒரு காவோலையைக் கொளுத்திக் கூட்டின் வாய்க்கு நேரே பிடியுங்கள். உள்ளே அடைத்து நிற்கும் குளிர்காற்று நகர்ந்துவிடும். பிறகு அடுப்பு தானாக இழுக்கும். அனகி அடுப்பு வாங்க முடிந்தால் வாங்குங்கள். ஒரே நெருப்பில் இரண்டு பானை வேகும், விறகும் புகையும் குறையும். ஆனால் அதற்குக் குழாய் இல்லை. கூட்டுக்குக் கீழேதான் வைக்கவேண்டும்.

கடைசியாக, குளிர். 2022 டிசம்பரில் மண்டோஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கு கிழக்கில் மாடுகள் நின்ற இடத்திலேயே செத்து விழுந்தன. அப்படியொரு குளிர் வந்தால், தணல் சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கலாம் என்று தோன்றும். பிள்ளை பெற்றவளுக்கும் பச்சைக்குழந்தைக்கும் சூடு வேண்டும் என்று வைப்பதும் உண்டு. தயவுசெய்து வைக்கவேண்டாம். புகை இல்லாத தணலிலிருந்தும் காபன் மொனொக்சைட் வருகிறது. அதற்கு மணமில்லை, நிறமில்லை. நித்திரையில் இருப்பவர் எழும்பமாட்டார். ஒருவருக்குத் தலையிடி, மயக்கம், வாந்தி என்று தெரிந்தால் வெளிக்காற்றுக்குத் தூக்கிக்கொண்டு வந்து 1990 க்கு அழையுங்கள். சூட்டுக்கு இன்னொரு போர்வை, சுடுதண்ணீர்ப் போத்தல், கதவு திறந்த குசினி போதும்.

புதிதாகப் பூசிய கூட்டில் உடனே பெரிய நெருப்பு மூட்டவேண்டாம். மூன்று நாள் காயவிட்டு, பிறகு இரண்டு மூன்று நாளைக்குச் சின்ன நெருப்பாக மூட்டிச் சுடவையுங்கள். முதல் பெருமழை பெய்கிற அன்று ரோர்ச்சை எடுத்துக்கொண்டு, கூடு கூரையைத் துளைக்கிற இடத்தைக் கீழேயிருந்து பாருங்கள். தண்ணீர் வழிந்தால் அந்த இடத்தைச் சுற்றியும் கரியால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். தை வெயிலில் மேசன் வரும்போது எங்கே பூசவேண்டும் என்று அவருக்குத் தெரியும்.